மந்திரக் கதைய புள்ளைங்க படிக்கலாமா? அடிக்கடி கேக்குற கேள்விங்க

மலேசியால சுங்கை சிப்புட் பக்கத்துல எங்க தோட்டம். இப்ப தோட்டம்னு சொல்றது பேருக்குத்தான், பால்மரத்த அழிச்சு செம்பனை போட்டு, தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு லயத்த இடிச்சு, ஜனங்கள தாமானுக்கு, அதாவது புது குடியிருப்புக்கு, மாத்தி வருஷம் ஆச்சு. சின்னப் புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்கு போற பழைய ஆயாக்கொட்டகைய மட்டும் இடிக்காம விட்டாங்க, அதுலதான் நாலு அலமாரி போட்டு சனி ஞாயித்துல புள்ளைங்களுக்கு புத்தகம் கொடுக்குறேன். போன ஸ்கூல் லீவுல ஒரு அப்பா வந்தாரு. மகன் எடுத்துட்டு போயிருந்த ஹாரி பாட்டர் கடைசி புத்தகத்த நியூஸ்பேப்பர்ல சுத்தி, மேல ரெண்டு ரப்பர்பேண்ட் போட்டு, கைய நல்லா நீட்டி கொடுத்தாரு. "டீச்சர் தப்பா எடுத்துக்காதீங்க, இது வீட்ல இருந்தா எங்களுக்கு தூக்கமே வரல"ன்னாரு. கோவமே இல்ல அவர் மொகத்துல, பயம்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து அதே கேள்விய வேற வேற மாதிரி கேக்குறாங்க. எல்லாருக்கும் நின்னு பேச நேரம் கிடைக்கல, அதனால எழுதி வைக்கிறேன்.

மொதல்ல நீங்க எந்த மதம்னு சொல்லுங்க டீச்சர்.

நான் மெத்தடிஸ்ட் சபை கிறிஸ்தவ. எங்க பாட்டி முனீஸ்வரனுக்கு சாமி ஆடுனவங்க. எங்க லயத்துல பக்கத்து வீடு பாய் வீடு, நோன்பு மாசத்துல கஞ்சி அங்கருந்துதான் வரும். மூணு பக்கத்து பயத்தையும் நான் சின்ன வயசுலருந்து பாத்திருக்கேன், அத லேசா பேச எனக்கு மனசு வராது.

மந்திரக் கதைன்னு எதச் சொல்றீங்க?

இங்கதான் பாதி குழப்பமே. இங்கிலீஷ்ல மேஜிக்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க, நம்ம பாஷைல அப்படி இல்ல. மந்திரம்னா பூசாரி ஓதுறதும் மந்திரம்தான், "மந்திரமாவது நீறு"ன்னு சம்பந்தர் பாடுனதும் மந்திரம்தான். சித்துன்னா சித்தருங்க தவத்துல அடையுறது. வரம்னா சாமி கொடுக்குறது. மாயாஜாலம்னா மேடைல தொப்பிலருந்து புறா எடுக்குறது. சூனியம், செய்வினை, பில்லி, இதெல்லாம் அடுத்தவன கெடுக்கப் பண்றது. ஒரு புள்ள இங்கிலீஷ் கதைல 'விட்ச்'னு படிச்சிட்டு வந்து வீட்ல "சூனியக்காரி"ன்னு சொன்னா அம்மாவுக்கு வயித்த கலக்கத்தான் செய்யும், ஏன்னா நம்ம ஊர்ல சூனியக்காரின்னா கதைல வர்ற ஆளு இல்ல, மூணாவது லயத்துல யாரோ ஒருத்தங்க மேல ஜனங்க சொன்ன பழி. அதனால யாராவது வந்து மந்திரக் கதை கூடாதுன்னு சொன்னா நான் மொதல்ல கேக்குறது, இதுல எதுக்கு பயப்படுறீங்கன்னுதான்.

பைபிள்ல தெளிவா போட்டிருக்கே, அப்புறம் என்ன பேச்சு?

ஆமா போட்டிருக்கு, இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். உபாகமம் 18ம் அதிகாரம் 10, 11 வசனத்துல குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவங்ககிட்ட குறி கேக்குறவன்னு வரிசையா வருது. கலாத்தியர் 5:20ல மாம்சத்தோட கிரியைங்கள்ல பில்லிசூனியமும் இருக்கு. இதுல நாள்பார்க்கிறவனும் இருக்கான்னு கவனிங்க. புத்தகத்த திருப்பிக் கொடுத்த எத்தன வீட்ல ராகுகாலம் பாத்து கார் புக் பண்றாங்கன்னு எனக்கு தெரியும். குத்திக்காட்ட இத சொல்லல. அந்த வசனம் சொல்றது மனுஷன் செய்யுற காரியங்கள, கர்த்தர்கிட்ட கேக்காம வேற எங்கயோ போய் எதிர்காலத்த கேக்குறத, பலத்த வாங்குறத. அப்படி ஒருத்தன் செஞ்சான்னு கதை சொல்றத அது தடுக்கல, பைபிளே அந்த மாதிரி கதை சொல்லுது. 1 சாமுவேல் 28ல சவுல் ராஜா மாறுவேஷம் போட்டுட்டு ராத்திரில எந்தோர்ல இருக்குற அஞ்சனம் பாக்குற பொம்பளகிட்ட போறாரு, செத்துப்போன சாமுவேல எழுப்பச் சொல்லி கேக்குறாரு. ராவுல படிச்சா மயிர் கூச்செறியும். அந்த அதிகாரத்த எந்த சண்டே ஸ்கூல்லயும் கிழிச்சு எடுக்கல.

அப்போஸ்தலர் 19:19ஐயும் காட்டுவாங்க, எபேசு பட்டணத்துல மாயவித்தைக்காரங்க புத்தகத்த எல்லாம் கொண்டாந்து எரிச்சது, 50,000 வெள்ளிக்காசு பெறுமானம்னு கணக்கு போட்டிருக்கு. அத மெதுவா படிச்சு பாருங்க. எரிச்சவங்க அந்த வித்தைய நெசமாவே பண்ணிட்டிருந்தவங்க. எரிச்சது அவங்க சொந்த புத்தகம், தொழிலுக்கு வச்சிருந்த புத்தகம். பவுல் யார் வீட்டுக்குள்ளயும் பூந்து அலமாரிய சோதிக்கல.

வெளிநாட்டுல ஹாரி பாட்டர எரிச்சாங்களாமே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்கால நியூ மெக்சிகோவுல அலமகோர்டோன்னு ஒரு ஊரு, 2001 டிசம்பர் கடைசில ஒரு சர்ச்சுக்காரங்க எரிச்சாங்க. போலந்துல 2019 மார்ச் 31 அன்னிக்கு பாதிரியாருங்களே எரிச்சாங்க, புத்தகத்தோட ஒரு மர முகமூடியும் ஒரு ஹலோ கிட்டி குடையும் சேந்து எரிஞ்சுச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. 2000லருந்து 2009 வரைக்கும் அமெரிக்க நூலகங்கள்ல எடுக்கச் சொல்லி அதிகமா ஆட்சேபம் வந்த புத்தகம் இந்த வரிசைதான்னு அங்க உள்ள நூலக சங்கமே சொல்லியிருக்கு.

ஆனா கத்தோலிக்க பக்கத்துலயே ஒரே கருத்து இல்ல. 2003ல வத்திக்கான் பத்திரிகையாளர் கூட்டத்துல பீட்டர் ஃபிளீட்வுட்னு ஒரு ஃபாதர், இந்த கதைங்க நல்லது கெட்டது வித்தியாசம் பாக்க புள்ளைங்களுக்கு உதவுதுன்னு பேசுனாரு. அதே வருஷம் கார்டினல் ராட்சிங்கர், அவருதான் 2005ல போப் ஆனாரு, இந்த புத்தகங்கள குறை சொல்லி எழுதுன ஒரு ஜெர்மன் எழுத்தாளரம்மாவுக்கு லெட்டர் போட்டு, இதுல தெரியாமலே மனச இழுக்குற விஷயம் இருக்கு, கிறிஸ்தவ நம்பிக்கை சின்ன மனசுல சரியா வளர்றதுக்கு முன்னாடியே அத கோணலாக்கிடும்னு எழுதுனாரு. ரெண்டு பேரும் படிச்சவங்க, ரெண்டு பேரும் விசுவாசிங்க. அதனால ஒங்க பாஸ்டர் ஒண்ணு சொல்லி பக்கத்து சர்ச் பாஸ்டர் வேற சொன்னா யாரோ ஒருத்தரு வழி தவறிட்டாங்கன்னு நெனச்சிடாதீங்க.

நார்னியாவுக்கும் மோதிரக் கதைக்கும் மட்டும் சரின்னு சொல்றாங்க, இதுக்கு மட்டும் ஏன் கூடாதாம்?

நல்ல கேள்வி, கேட்டவரு எங்க சண்டே ஸ்கூல் அண்ணன். நார்னியா எழுதுன சி.எஸ். லூயிஸ் ஆங்கிலிக்கன், 1950லருந்து 1956 வரைக்கும் ஏழு புத்தகம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதுன டோல்கியன் கத்தோலிக்கரு, இது அடிப்படைல மதம் சார்ந்த, கத்தோலிக்க படைப்புன்னு ஒரு ஃபாதருக்கு 1953லயே லெட்டர்ல எழுதியிருக்காரு. இவங்கள ஏத்துக்கிட்டு ஹாரி பாட்டர மறுக்குறவங்க சொல்ற காரணம் இது: டோல்கியன் கதைல மனுஷங்க யாரும் மந்திரம் கத்துக்கறதில்ல, அதுல வர்ற மந்திரக்காரர் காண்டால்ஃப் மனுஷனே இல்ல, தேவதூதன் மாதிரி அனுப்பப்பட்டவரு. நார்னியால மந்திரத்த ஆசப்பட்டு தொடுறவங்க அடி வாங்குவாங்க. ஹாரி பாட்டர்ல மட்டும் மந்திரம் பள்ளிக்கூட பாடம், கணக்கு அறிவியல் மாதிரி, நல்லவன் கைல நல்லதுக்கும் கெட்டவன் கைல கெட்டதுக்கும் ஆகுற ஆயுதம். யார்கிட்டருந்து வருதுன்னு கேள்வியே இல்ல. இந்த ஆட்சேபத்த நான் மதிக்கிறேன், யோசிச்சு சொன்ன ஆட்சேபம் இது.

ஆனா முழுசா ஒத்துக்க முடியல. அந்த கதைல யாரும் எந்த ஆவியையும் கூப்பிட்டு பலம் கேக்கல, பலம் பொறப்புலயே இருக்கு இல்லன்னா இல்ல, பாட்டு சாரீரம் மாதிரி. எந்த புள்ளையாலயும் அத படிச்சு அடைய முடியாது. கதைல பெரிய கெட்டவன் யாருன்னா சாவுக்கு பயந்து, கொல பண்ணி, தன் ஆத்மாவையே துண்டு துண்டா பிச்சு ஒளிச்சு வைக்கிறவன். கடைசி புத்தகத்துல ஹாரி தன் அப்பா அம்மா கல்லறைக்கு போறப்ப கல்லுல வெட்டியிருக்குற வரி, பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்னு, அதாவது கடைசியா அழிக்கப்படுற எதிரி சாவுதான்னு, 1 கொரிந்தியர் 15:26ல இருக்கே, அதேதான்.

நார்னியாலயும் ஒரு எடத்த சொல்லணும். அதுல வர்ற சின்னப் பொண்ணு லூசி மந்திர புத்தகத்த பொரட்டிட்டே போவா, தோழிங்க தன்னப்பத்தி என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சுக்குற மந்திரத்த ஆச தாங்காம சொல்லிடுவா. உயிர்த்தோழி இன்னொருத்திகிட்ட தன்ன விட்டுக்கொடுத்து பேசுறது காதுல விழும். மந்திரத்தால ஒட்டுக் கேட்டாலும் ஒட்டுக் கேட்டதுதான்னு சிங்கம் அஸ்லான் வந்து சொல்லும். அவ மனசுல அந்த நட்பு மொத மாதிரி இருக்காது. இந்த எடத்த நான் படிச்சு காட்டுனப்ப ஆறாம் வகுப்பு பொண்ணு ஒருத்தி எழுந்து வெளிய போய் நின்னா. அக்கா போன எடுத்து வாட்சப் பாத்துட்டாளாம்.

பாய் வீட்டு புள்ளைங்களுக்கு கொடுக்கலாமா?

ஃபத்வா சொல்ல நான் யாரு. பக்கத்து வீட்டு மாமிகிட்டயும் அவங்க மகன்கிட்டயும் உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். சிஹ்ர், அதாவது சூனியம், அழிச்சுப்போடுற ஏழு பாவங்கள்ல ஒண்ணுன்னு ஹதீஸ் இருக்கு, அல்லாவுக்கு இணை வைக்கிற ஷிர்க்குக்கு அடுத்ததா வருது. குர்ஆன்ல 2:102ல சுலைமான் நபி நிராகரிக்கல, ஷைத்தானுங்கதான் ஜனங்களுக்கு சூனியம் கத்துக்கொடுத்துச்சுன்னு வருது, அத வச்சு புருஷன் பொண்டாட்டிய பிரிக்கிறத கத்துக்கிட்டாங்கன்னும் அதே வசனத்துல வருது. எங்க தோட்டத்துல செய்வினைன்னு பேச்சு வந்தாலே முக்காவாசி இந்த காரியத்துக்குத்தான், அத கேட்டப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு. மூஸா நபி கதைல எகிப்து ராஜா ஃபிர்அவ்னோட சூனியக்காரங்க மூஸாவோட அசா கம்ப பாத்து அப்படியே நெத்தி தரைல பட சஜ்தால விழுந்து ஈமான், அதாவது நம்பிக்கை, கொள்றாங்க, அத புள்ளைங்களுக்கு ஓதிக்கொடுக்கத்தான் செய்றாங்க. கற்பனை கதை விஷயத்துல மார்க்கம் சொல்லிக்கொடுக்குற சில உஸ்தாஸுங்க முழுசா வேணாம்பாங்க, சில பேரு நெஜம்னு நம்பாம, ஆசப்படாம படிச்சா பரவால்லம்பாங்க. ஒங்க உஸ்தாஸ கேளுங்க, அத்தா அம்மா வேணாம்னா நான் கொடுக்க மாட்டேன்.

நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் இருக்கு. கிளந்தான்ல மாக் யோங்குற பழைய மலாய் நாடக ஆட்டத்த 1991ல மாநில அரசு தடை பண்ணுச்சு, ஆவிங்கள கூப்பிடுற சடங்கு அதுல கலந்திருக்குன்னு ஒரு காரணம். அதே ஆட்டத்த 2005ல யுனெஸ்கோ மனுஷகுலத்தோட பெரிய சொத்துன்னு அறிவிச்சுச்சு. அங்க கேள்வி நெசமாவே சடங்கு பத்தினது, நாற்காலில உக்காந்து படிக்கிற கதை பத்தினது இல்ல. இந்த ரெண்டையும் போட்டு கொழப்பிக்க வேணாம்.

நாங்க இந்து, எங்களுக்கு இதுல பிரச்சனை இல்லல்ல?

உண்மைய சொன்னா அதிகமா பயந்து வர்றது நம்ம இந்து வீட்டு அம்மாமாருதான். வேதத்துல தடைன்னு வர மாட்டாங்க, "வீட்ல அந்த பேச்சே வேணாம் டீச்சர், கூப்பிட்டா வந்துரும்"னு வருவாங்க.

எனக்கு ஒம்போது வயசு. காலைல பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடுற எடத்துக்கு, போக அம்மா கதவ தொறந்தாங்க, வாசப்படில ஒரு முட்டை, அதுமேல மையில கோடு, பக்கத்துல ரெண்டா அறுத்த எலுமிச்சம்பழம், குங்குமம், முடிச்சு போட்ட முடி. அம்மா கத்தல. கதவ சாத்திட்டு அப்படியே தரைல உக்காந்துட்டாங்க. அன்னிக்கு அவங்க பால் எடுக்க மரம் சீவ போகல. அப்பா டவுன்லருந்து ஒரு மந்திரவாதிய கூட்டியாந்தாரு, அவரு வீட்டுக்கு பின்னால தோண்டி ஒரு செப்புத்தகட எடுத்து காட்டுனாரு, 500 வெள்ளி வாங்குனாரு, மூணு மாசம் கழிச்சு இன்னும் ஒண்ணு இருக்குன்னு வந்து மறுபடியும் வாங்குனாரு. அப்பா கூட்டுப்பணம் எடுத்து கட்டுனாரு. தங்கச்சி காய்ச்சலுக்கு மொதல்ல மலாய் மந்திர வைத்தியர் போமோகிட்டதான் போனோம், ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு. நல்லவேளை பொழச்சா. முட்டைய வச்சது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஆனா எதிர் லயத்து அத்தை மேல சந்தேகப்பட்டு எங்க அம்மா சாகுற வரைக்கும் அவங்ககூட பேசல.

அதனால எனக்கும் பயம் உண்டு, சூனியத்த நம்பி பணத்தையும் ஒறவையும் எழக்குறது மேல. அந்த மந்திரவாதி கதைன்னு சொல்லிட்டு வரல, நெஜம்னு சொல்லிட்டு வந்தாரு. கதை மொத வரிலயே கதைன்னு ஒத்துக்குது.

நம்ம இலக்கியத்துலயும் மந்திரம் கொஞ்சமா இல்ல. மணிமேகலைக்கு தெய்வம் மூணு மந்திரம் கொடுக்குது, வானத்துல போக, வேற உருவம் எடுக்க, பசி இல்லாம இருக்க. பௌத்த காப்பியம் அது, அறம் சொல்ல வந்த புத்தகம். ஆனா அந்த மந்திரத்தால என்ன ஆகுதுன்னு பாருங்க. தன் பின்னாலயே வர்ற ராஜகுமாரன் உதயகுமாரன்கிட்டருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகைங்குற பொண்ணோட உருவம் எடுக்குறா. காயசண்டிகையோட புருஷன் வந்து பாக்குறான், தன் பொண்டாட்டி தன்ன கண்டுக்காம எவனோ ராஜகுமாரன்கிட்ட பேசுறான்னு நெனச்சு உதயகுமாரன வாளால வெட்டிடுறான். அவ எடுத்த வேஷத்தால ஒரு உயிரு போச்சு, அவ கதறி அழுவுறா. மந்திரம் இருந்தா வெல இல்லாம போவாதுன்னு சாத்தனார் அப்பவே காட்டிட்டாரு. தாயுமானவரும் தண்ணிமேல நடக்கலாம், நெருப்புமேல இருக்கலாம், வேற ஒடம்புக்குள்ள பூரலாம்னு அடுக்கிட்டு, மனச அடக்கி சும்மா இருக்குறதுதான் கஷ்டம்னு பாடுறாரு. விக்ரமாதித்தன் வேதாளம் கேட்டு வளந்தவங்க நாம, இங்கிலீஷ்ல வந்தா மட்டும் பயப்படணுமா.

படிச்சிட்டு புள்ள மந்திரம் சொல்லி பாத்தா?

பாக்கும். எங்ககிட்ட வர்ற ஒரு எட்டு வயசு பொண்ணு வெளக்குமாத்துலருந்து ஈர்க்குச்சி ஒண்ண உருவி, மழை நிக்கணும்னு வாசல்ல நின்னு சொல்லிட்டிருந்தா, அம்மா பாத்து குச்சிய புடுங்கி அடுப்புல போட்டுட்டு என்கிட்ட அழுதுட்டே வந்தாங்க. நான் பொண்ண கூப்பிட்டு என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். "நிக்கல டீச்சர், அது கதைலதான் நிக்கும்"னா. பம்பரம் விட்டு, கூட்டாஞ்சோறு ஆக்கி வெளையாடுற மாதிரிதான் அதுவும், பத்து நிமிஷத்துல மறந்துடும். ஆனா ஒரு புள்ள தூங்காம கெடந்தா, செத்துப்போன தாத்தாகிட்ட பேசணும் எப்படின்னு திரும்ப திரும்ப கேட்டா, அப்ப புத்தகத்த ஓரமா வச்சிட்டு தாத்தாவ பத்தி பேசுங்க. அங்க புள்ளைக்கு இருக்குறது துக்கம்.

எத்தன வயசுல கொடுக்கலாம்?

ஹாரி பாட்டர்னா மொத மூணு புத்தகம் பத்து வயசுக்கு மேல, நாலாவதுலருந்து சாவு அதிகமா வருது, பன்னெண்டு பதிமூணு ஆகட்டும். இது என் கணக்கு, ஒங்க புள்ளைய ஒங்களுக்குத்தான் தெரியும்.

பேய்க் கதையும் இதே மாதிரிதானா?

இல்ல. பொந்தியானாக்னு மலாய் பொம்பளப் பேய் கதை எல்லாம் பயமுறுத்தவே எழுதுறது, அத சின்ன புள்ளைங்களுக்கு நான் கொடுக்கவே மாட்டேன்.

எங்க புள்ளைக்கு வேணாம்னா மத்த புள்ளைக்கும் எதுக்கு, அலமாரிலருந்தே எடுத்துடலாமே?

இதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒங்க புள்ளைக்கு வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு முழு உரிமை இருக்கு, ஒரு நோட்டு வச்சிருக்கேன், பேர எழுதி எந்த மாதிரி புத்தகம் வேணாம்னு சொல்லிட்டு போங்க, ஏன்னு கேக்க மாட்டேன், புள்ளைய எல்லார் முன்னாலயும் கூச்சப்படுத்தவும் மாட்டேன். ஆனா அடுத்த வீட்டு புள்ளைக்கும் சேத்து நீங்க முடிவு பண்ண முடியாது. அமெரிக்கால ஆர்கன்ஸா மாநிலத்துல சீடர்வில்னு ஒரு சின்ன ஊரு, பள்ளிக்கூட போர்டு ஹாரி பாட்டர பூட்டி வச்சு அப்பா அம்மா கையெழுத்து இருந்தாத்தான் தருவோம்னாங்க, ஒரு மாணவியோட குடும்பம் கோர்ட்டுக்கு போச்சு, 2003ல நீதிபதி பழையபடி திறந்த அலமாரில வைக்கச் சொல்லிட்டாரு. அது அவங்க நாட்டு சட்டம், இங்க அப்படியே பொருந்தாது. ஆனா அந்த மாணவி எடத்துல எங்க தாமான் புள்ளைய நெனச்சு பாக்குறேன், வீட்ல ஒரு புத்தகம்கூட இல்லாத புள்ள, நோட்டுல கையெழுத்து போட அப்பா ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள தூங்கிடுற புள்ள.

அந்த நியூஸ்பேப்பர்ல சுத்துன புத்தகம் என்ன ஆச்சு?

அவர் போனப்புறம் பிரிச்சேன். கல்லறை வர்ற அந்த எடத்துல, மைலோ பாக்கெட்ட நீளமா வெட்டி பையன் அடையாளம் வச்சிருந்தான். அப்பாவுக்கு போன் போட்டு, ஐயா ஒரு வசனம் இருக்கு, வந்து அந்த ஒரு பக்கத்த மட்டும் படிச்சு பாருங்கன்னேன். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு வந்தாரு, நின்னுட்டே படிச்சாரு, "இது நம்ம வசனமாச்சே டீச்சர்"னாரு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இன்னும் மனசு ஒப்பலன்னு சொல்லிட்டு புத்தகத்த மேசைல வச்சாரு. இந்த தடவ கைய நீட்டி வைக்கல. நான் வற்புறுத்தல. பையன் சனிக்கெழம வருவான், இப்ப சிந்துபாத் எடுத்துட்டு போயிருக்கான். அந்த புத்தகம் என் மேசை டிராயர்ல இருக்கு, மைலோ அட்டைய நான் எடுக்கல.